கதை தெரியாமல் ஏறிய சவாரிகள், பார்த்த சிலைகள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சாங்கிக் காற்று:

போன வாரம் வீட்டை ஒழித்தபோது பழைய கைப்பேசி ஒன்று கிடைத்தது. சார்ஜ் ஏற்றிப் பார்த்தால், 2017இல் அப்பத்தா சிங்கப்பூர் வந்திருந்தபோது எடுத்த படங்கள். ஒரு படத்தில் அப்பத்தா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கண்ணை மூடி, ஒரு சிமெண்டுக் குரங்கின் முன் கைகூப்பி நிற்கிறார். பக்கத்தில் ஐஸ்கிரீமோடு நிற்கும் ஒரு சீனப் பையன் அவரையே வாய்பிளந்து பார்க்கிறான்.

இடம் ஹாவ் பார் வில்லா. டைகர் பாம் தைலம் விற்றுப் பணக்காரரான ஆவ் பூன் ஹாவ், தன் தம்பி ஆவ் பூன் பாருக்காக 1937இல் பாசிர் பாஞ்சாங்கில் கட்டிய மாளிகையும் தோட்டமும். மாளிகை போய்விட்டது, தோட்டம் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலைகள், பெரும்பாலும் சீனப் புராணமும் நாட்டுக்கதையும். நடுவில் கொஞ்ச காலம் நுழைவுக் கட்டணம், படகுச் சவாரி என்று தீம் பார்க்காக்கிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. நாங்கள் போனபோது எல்லாமே இலவசம். உண்மையைச் சொன்னால் போனதற்கு முதல் காரணம் அதுதான். எனக்கு ஒரு சீனக் கதையும் தெரியாது. அப்பத்தாவுக்கு ஆங்கிலப் பலகையும் படிக்கத் தெரியாது.

நரகத்தின் பத்து மன்றங்கள் என்று ஒரு குகை. வாசலில் மாட்டுத்தலையோடு ஒருவன், குதிரைமுகத்தோடு ஒருவன். அப்பத்தா உள்ளே எட்டிப் பார்த்ததும் சொன்னார், "இது எமலோகம்டா." அப்புறம் எனக்கு அவர்தான் வழிகாட்டி. கல்லில் போட்டு அரைக்கிறார்களா, "பெத்தவங்களுக்குச் சோறு போடாதவன்." நாக்கை இழுத்து அறுக்கிறார்களா, "கோள் சொன்னவ." நான் பலகையைப் படித்துப் பார்த்தால் அதேதான் எழுதியிருக்கிறது! பெற்றோரை மதிக்காதவர்களுக்கு அரைகல், புறம்பேசிக் குடும்பத்தைக் கலைத்தவர்களுக்கு நாக்கு. ஒன்றில் மட்டும் தவறினார். உடம்பை இரண்டாக அறுக்கும் தண்டனையைப் பார்த்து, "கொலைகாரனா இருக்கும்" என்றார். பலகையில் இருந்த குற்றங்களில் ஒன்று, சாப்பாட்டை வீணாக்குவது. மொழிபெயர்த்துச் சொன்னேன். நான் மதியம் தட்டில் மிச்சம் வைத்த கோழிச்சோற்றை அவர் மறக்கவில்லை என்பது அவர் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

வெளியே ஒரு சிலை. இளம்பெண் ஒருத்தி, பல் போன கிழவிக்குப் பால் கொடுக்கிறாள். சுற்றுலா வந்தவர்கள் அதைப் பார்த்து நெளிந்துகொண்டு நகர்கிறார்கள். எனக்கும் சங்கடம்தான். பலகையில் மாமியார், மருமகள் என்று இருந்ததைச் சொன்னதும் அப்பத்தா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "இதைப் படம் புடி. ஒங்க அம்மாவுக்கு அனுப்பு" என்றார். அனுப்பவில்லை. நான் உயிரோடு இருக்க வேண்டாமா?

கடைசியாகத்தான் அந்தக் குரங்கு. கையில் கோல், தலையில் பட்டை. "ஆஞ்சநேயர், கதாயுதத்துக்குப் பதிலா தடி வச்சிருக்கார்." கும்பிட்டாயிற்று. பக்கத்தில் பன்றிமுகத்தோடு தொந்தியும் தொப்பையுமாக ஒருவர். "வராக அவதாரம்." அவருக்கும் ஒரு கும்பிடு.

வீட்டுக்கு வந்து படித்தபோது ஒன்று தெரிந்தது. ஐந்தாம் மன்றத்து அரசன் யென்லுவோ என்பது நம் யமராஜாவே. பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனா போய் அங்கே பெயர் திரிந்திருக்கிறது. பலகை படித்த எனக்குத் தெரியாதது, படிக்காத அப்பத்தாவுக்கு வாசலிலேயே தெரிந்திருக்கிறது. பன்றி விஷயத்தில் மட்டும் அவர் கணக்கு தப்பு. அந்த ஆள் சொர்க்கத்தில் தளபதியாக இருந்தவன். குடித்துவிட்டு நிலவில் இருக்கும் தேவதையிடம் வம்பு பண்ணியதால் பூமிக்குத் தள்ளப்பட்டு, பன்றி வயிற்றில் பிறந்தவன். அவனுக்குப் போய்க் கும்பிடு.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். எழுதுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசி:

அப்பத்தா பரவாயில்லை. எங்கள் பெரியப்பாவைக் கேளுங்கள்.

எங்களுடையது யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா மலாயா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. மூன்று தலைமுறை கோலாலம்பூரில் கழிந்தும், யார் கேட்டாலும் பெரியப்பா "வீ ஆர் சிலோனீஸ்" என்றுதான் தொடங்குவார். சிங்கப்பூரில் செந்தோசா யூனிவர்சல் ஸ்டுடியோஸுக்குக் குடும்பமாகப் போயிருந்தோம். அங்கே பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற தொலைக்காட்சித் தொடரை வைத்துச் செய்த இரட்டை ரோலர் கோஸ்டர், 42.5 மீட்டர் உயரம். சிவப்புத் தண்டவாளம் ஒன்று, நீலம் ஒன்று. சிவப்பில் உட்கார்ந்து போகலாம். நீலத்தில் கால் தொங்கும், தலைகீழாகப் புரட்டும். உள்ளே போனதும் வரிசை இரண்டாகப் பிரிகிறது. ஒருபக்கம் மனிதர், மறுபக்கம் சைலான்.

பெரியப்பா கண்ணாடியை ஏற்கெனவே பத்திரமாக லாக்கரில் வைத்திருந்தார். பலகையை அண்ணாந்து பார்த்தவர் முகம் மலர்ந்தது. "இங்க பாருங்கோ, சிலோனுக்கெண்டே தனி வரிசை!" நாங்கள் யாரும் அந்தத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்ததில்லை. அதனால் மறுத்துச் சொல்லவும் ஆளில்லை. என் தம்பி மட்டும் "ஸ்பெல்லிங் வேற மாதிரி இருக்கே" என்று முனகினான். யார் கேட்டார்கள்? மொத்தக் குடும்பமும் நாட்டுப்பற்றோடு நீலத்தில் ஏறியது. முதல் புரட்டலில் பெரியப்பா கத்தியது "ஐயோ முருகா". இரண்டாவதில் "முரு". அதற்கப்புறம் சத்தமே இல்லை.

சைலான் என்றால் மனிதர்கள் செய்த இயந்திரங்கள், செய்தவர்கள் மேலேயே பாய்ந்தவை என்று இரவு ஹோட்டலில் தம்பி தேடிப் படித்துச் சொன்னான். பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நாங்கள் வில்லன் பக்கமோ?" என்றார்.

அதே பூங்காவில் வாட்டர்வேர்ல்ட் காட்சி என் பிள்ளைகளுக்கு உயிர். அது 1995இல் வந்த ஒரு படத்திலிருந்து என்று சொன்னால், "படமா? இதுக்கு எதுக்குப் படம்?" என்கிறார்கள். சுவர் மேலே விமானம் பாய்ந்து தண்ணீரில் இறங்குகிறது, எல்லாரும் நனைகிறார்கள். அவ்வளவு போதும் அவர்களுக்கு.

நெல்லைக்காரன், தோக்கியோ:

இங்கே நிஷிகசாயில் இருக்கும் நம்மவர்களுக்கு டிஸ்னிசீ பூங்கா வீட்டுக்கொல்லை மாதிரி. ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போக வேண்டும். நான் முதல் முறை போனபோது ஜப்பானியம் "அரிகாத்தோ"வைத் தாண்டவில்லை.

டவர் ஆஃப் டெரர். 59 மீட்டர் உயரத்தில் பழைய நியூயார்க் ஹோட்டல் மாதிரி ஒரு கட்டடம். உள்ளே ஒரு அறையில் கூட்டமாக நிறுத்தி, கண்ணாடி ஓவியத்தில் இருக்கும் மீசைக்காரர் ஒருவரைக் காட்டிப் பணிப்பெண் ஏதோ கதை சொன்னார். ஒரு சொல்கூடப் புரியவில்லை. அங்கேயே குட்டியாக ஒரு மரச்சிலை. திடீரென்று அதன் கண் ஒளிர்ந்தது, சிரித்தது, எங்கள் கண்முன்னே காணாமல் போனது. வழியெல்லாம் ஊர் ஊராக வாரிக்கொண்டு வந்த கலைப்பொருள்கள் குவிந்து கிடக்கின்றன. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது: கோயில் சிலையைத் திருடினவன் கதை. நம் ஊரில் சிலைக் கடத்தல் செய்தி படித்து வளர்ந்தவனுக்கு இதற்கு வசனம் எதற்கு?

லிஃப்ட் மாதிரி இருக்கும் சவாரியில் ஏறினோம். ஒரு தளத்தில் கதவு திறந்தது, எதிரே பெரிய கண்ணாடி. அதில் எங்கள் வரிசை முழுக்கத் தெரிகிறது. ஒரு குரல் ஏதோ சொன்னது, சுற்றியிருந்த எல்லாரும் சிரித்துக்கொண்டே கையாட்டினார்கள். படம் எடுக்கிறார்கள் போல என்று நானும் பல்லைக் காட்டிக் கையாட்டினேன். அப்படியே நாங்கள் பச்சைப் பேய்களாகி மறைந்தோம். அடுத்த நொடி தரை போயிற்று.

இரண்டு வருடம் கழித்து, மொழி கொஞ்சம் வந்தபிறகு, மறுபடி போனேன். அந்தக் குரல் ஓவியத்தில் இருந்த மீசைக்காரரின் குரல். "கையசைத்து, இந்த உலகத்து உங்களுக்கு நீங்களே விடைகொடுங்கள்" என்கிறது. என் கை எழவில்லை. பக்கத்தில் ஊரிலிருந்து வந்த என் மச்சான் உற்சாகமாக ஆட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஊகம் சரிதான். ஹைடவர் என்ற அந்த மீசைக்கார ஹோட்டல் முதலாளி ஆப்பிரிக்காவிலிருந்து பறித்துவந்த சிலை அது. 1899 டிசம்பர் 31 இரவு ஆளையே விழுங்கிவிட்டது. சுவாரசியம் என்னவென்றால், அமெரிக்காவில் இதே கோபுரத்துக்கு வேறு கதை. அது அங்குள்ள ஒரு பழைய டிவி தொடரை வைத்துச் செய்தது. இங்கே கட்டும்போது அதை விட்டுவிட்டு, புதிதாக இந்தக் கதையை எழுதிக்கொண்டார்கள். யாருக்கும் தெரியாத கதையைச் சவாரிக்குள்ளேயே சொல்லிவிடலாம் இல்லையா? எனக்கு வசனமே இல்லாமல் விளங்கிய காரணமும் அதுதான்.

தாம்பரம் எக்ஸ்பிரஸ்:

சின்னது ஒன்று. ஏழாம் வகுப்பில் தமிழையா கம்பராமாயணம் நடத்தும்போது, "வாலி ஆண்ட கிட்கிந்தை எங்கே இருக்கிறது, யாருக்காவது தெரியுமா?" என்றார். நான் எழுந்து, "தாம்பரம் பக்கத்தில் ஐயா, போன லீவுக்குப் போனேன், சறுக்கு நல்லா இருக்கும்" என்றேன். கிஷ்கிந்தா என்பது தீம் பார்க் பெயர், அவ்வளவுதான் எனக்கு. வாலியும் சுக்ரீவனும் பிறகுதான் வந்தார்கள். இன்றைக்கும் அந்தக் காண்டத்தைப் படித்தால் குளோரின் வாசம் அடிக்கிறது.

ஆர்லாண்டோ அக்கா:

எல்லாரும் சிரித்துவிட்டீர்கள். என் கதை கொஞ்சம் வேறு மாதிரி.

ஃபுளோரிடாவுக்கு வந்த புதிதில் பிள்ளைகளோடு டிஸ்னி வேர்ல்டில் நாங்கள் அதிகம் ஏறியது ஸ்பிளாஷ் மவுண்டன். மரத்துண்டு மாதிரி படகு, குளிர்ந்த குகை, பாட்டுப் பாடும் கோழி, முயல், நரி, கரடி. நரி முயலைப் பிடித்துவிடுகிறது. மேலே இரண்டு கழுகுகள் நம்மைப் பார்த்து நக்கலடிக்கின்றன. அப்புறம் செங்குத்தாக ஒரு விழுதல், கீழே முட்புதர். பஞ்சதந்திரத்தில் சிங்கத்தைக் கிணற்றில் குதிக்க வைத்த முயலுக்கு இது சொந்தக்காரன் என்று பிள்ளைகளுக்கு நானே ஒரு கதை கட்டியிருந்தேன்.

கிட்டத்தட்ட அப்படித்தான். "என்னை என்ன வேண்டுமானாலும் செய், முட்புதரில் மட்டும் எறிந்துவிடாதே" என்று முயல் கெஞ்சும். நரி எறிந்துவிடும். அங்கேயே பிறந்து வளர்ந்த முயல் சிரித்துக்கொண்டே ஓடிவிடும். ஆக, படகில் விழும் நாம்தான் முயல். இது தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மேலே தேடினேன். இவை அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் தங்களுக்குள் சொல்லிவந்த கதைகள். வலியவனை எளியவன் வாயால் வெல்லும் கதைகள். அவற்றை வைத்து டிஸ்னி 1946இல் எடுத்த படம், கறுப்பின மக்கள் வேலை செய்த பெருந்தோட்ட வாழ்க்கையை ஏதோ எல்லாரும் ஆனந்தமாக இருந்ததுபோலக் காட்டியது. வந்தபோதே கறுப்பின உரிமை அமைப்பான என்ஏஏசிபி கண்டித்திருக்கிறது. அமெரிக்காவில் அந்தப் படத்தை வீட்டில் பார்க்க டேப்பாகவோ டிஸ்க்காகவோ டிஸ்னி வெளியிட்டதே இல்லை. படத்தை மூடிவைத்துவிட்டு அதன் முயலையும் பாட்டையும் மட்டும் எடுத்துச் சவாரி கட்டியிருக்கிறார்கள். வரிசையில் நின்ற எங்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

2023 ஜனவரியில் இங்கே மூடினார்கள். 2024 ஜூனில் அதே மலை, அதே விழுதல், டியானா என்ற கறுப்பின இளவரசியின் கதையோடு திறந்தது. மாற்றியது சரிதான் என்பது என் கட்சி. என் மகளுக்குக் கோபம். "நமக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்மா" என்றாள். வாதாடினேன். ஆனால் பாத்திரம் கழுவும்போது பழைய பாட்டு வாயில் வந்துவிடுகிறது, பாதியில் நிறுத்திக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்:

சாங்கிக் காற்று தம்பிக்கு: நீங்கள் எழுதியதில் குரங்கும் பன்றியும் வந்துவிட்டன. அவர்கள் கூடவே குதிரையில் ஒரு துறவி இருந்திருப்பாரே, அவரைக் கவனித்தீர்களா? அது 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற 16ஆம் நூற்றாண்டுச் சீனக் கதை. அந்தத் துறவி நிஜ மனிதர். நம் பள்ளிப் புத்தகத்தில் வரும் யுவான் சுவாங். பௌத்த நூல்களைத் தேடி இந்தியா வந்து, நாலந்தாவில் படித்து, நரசிம்மவர்ம பல்லவன் காலத்தில் காஞ்சிபுரம்வரை வந்தவர். 645இல் சீனா திரும்பினார். முப்பது வருடம் அவரைப் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்ட நான், சிங்கப்பூரில் அந்தச் சிலையைத் தாண்டி நடந்து, நிழல் தேடி உட்கார்ந்துவிட்டு வந்தவன். மகள் பிறகு சொல்லித்தான் தெரியும்.

குரங்கைப் பற்றியும் ஒன்று. அதற்கு மூலம் அனுமனாக இருக்கலாம் என்று ஹூ ஷி என்ற சீன அறிஞர் 1920களிலேயே சொன்னார். லூ ஷுன் அதை ஏற்கவில்லை, சீனப் பழங்கதையிலேயே மூலம் இருக்கிறது என்றார். வழக்கு இன்னும் தீரவில்லை. உங்கள் அப்பத்தா ஹூ ஷி கட்சி.

சாங்கிக் காற்று:

ஐயா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் பாதி குதிரையும் ஒரு காவித்துணி நுனியும் இருக்கின்றன. காஞ்சிபுரம் வந்தவரைக் கத்தரித்துவிட்டு, ஐஸ்கிரீம் பையனை முழுசாக எடுத்திருக்கிறேன்.

நேற்று அப்பத்தாவுக்குப் போன் பண்ணி, எமன் சரி, பன்றி தப்பு, குரங்கு இன்னும் முடிவாகவில்லை என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "பன்னிக்குக் கும்பிட்டது போனாப் போகுது. அந்தக் கொரங்கு, நான் கும்பிட்டப்ப வேணாம்னா சொல்லுச்சு?" என்றார். அப்புறம், மாமியார் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேனா என்று கேட்டார்.