வெள்ளவத்தை வீட்டு சோலர்: புதுப்பிப்பு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கூரையில் 5 கிலோவாட் சோலர் போட்டால் போட்ட காசு எப்போது திரும்பும் என்று முன்பு கேட்டிருந்தேன். நான்கைந்து வருடம் என்று பலர் சொன்னீர்கள். மின்சார சபைக்கு நாம் விற்கும் யூனிட்டுக்கு 37 ரூபாய் கிடைத்த 2022 காலத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தும். 2024இல் அது 27 ஆனது, 2025இல் புதிதாகச் சேருபவர்களுக்கு இன்னும் குறைந்தது. சேரும்போது உள்ள விலையிலேயே ஒப்பந்தம் 20 வருடம். ஆகவே சேரும் நாளின் விலைதான் முக்கியம்.

அதனால் வீட்டுத் தேவைக்கு அளவாக 3 கிலோவாட் மட்டும் போட்டோம். கொழும்பு வெயிலில் ஒரு கிலோவாட் மாதம் சுமார் 110 யூனிட் தரும். நெட் அக்கவுண்டிங் என்ற முறையில் லைனிலிருந்து நாம் எடுத்த யூனிட்டும் லைனுக்குக் கொடுத்த யூனிட்டும் கழிபட்டு, கூடுதலாகக் கொடுத்த மிச்சத்துக்குத்தான் காசு. பில் உயர்ந்த கட்டணப் படியிலிருந்து இறங்குவதே பெரிய இலாபம்.

அப்புறம், பற்றரி இல்லாத சாதாரண இணைப்பில் கரண்ட் போனால் சோலரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர்களின் உயிர்ப் பாதுகாப்புக்காகவே அந்த ஏற்பாடு. சோலர் விற்பவர்கள் இதை முதலிலேயே சொல்ல வேண்டும், எங்களுக்குச் சொல்லவில்லை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்ததால், பகலில் கூரை சோலரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டதையும் கணக்கில் சேருங்கள்.

வெள்ளவத்தைக்காரர்கள் கையெழுத்திடும் முன் பின்னேரம் மூன்று மணிக்கு மொட்டை மாடியில் ஏறி, பக்கத்து அடுக்குமாடியின் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.