300 ரிடிஐ: டீசல் பம்ப்பைத் திறந்து பவர் கூட்டலாமோ, சும்மா விடுறதோ?

கோப்பாய்110:
அண்ணைமார், என்னட்டை 96ஆம் ஆண்டு லாண்ட்ரோவர் டிஃபெண்டர் 110 ஒண்டு நிக்குது, 300 ரிடிஐ எஞ்சின், ஆர்380 கியர்பொக்ஸ். மணற்காட்டுப் பக்கம் வள்ளம் இழுக்கிறது, இடைக்கிடை ஏ9 றோட்டால கொழும்புக்குச் சாமான் ஏத்திறது, இதுதான் வேலை. வெறும் வண்டியெண்டால் பரவாயில்லை, ஆனா லோட் ஏத்திப்போட்டு மாங்குளம் தாண்டி ஒரு பஸ்ஸை ஓவர்ரேக் பண்ண வெளிக்கிட்டால் மூண்டாம் கியருக்கு இறக்கினாலும் இழுவை இல்லை, முன்னுக்கு வாறவன் லைற் அடிச்சே களைச்சுப்போறான். பம்ப்பைத் திருகிவிடு பறக்கும் எண்டு ஒருத்தர் சொல்லுறார், தொட்டியோ எஞ்சின் போச்சு எண்டு மற்றவர். வேற வண்டி வேண்டுற விலையோ இப்ப விக்குது, இதைத்தான் ஏதாவது செய்யோணும். சொல்லுங்கோ.

பம்ப்தம்பி:
உதில யோசிக்க என்ன கிடக்கு அண்ணை. கொம்பனியால வரேக்கை உந்த எஞ்சினுக்கு 111 குதிரைவலு, 265 நியூற்றன்மீற்றர். எஞ்சினுக்கு டீசல் அளந்து விடுறது பொஷ் வி.ஈ. பம்ப், கொம்பியூட்டர் ஒண்டும் இல்லை, ஸ்க்ரூட்ரைவரும் ரெண்டு சாவியும் போதும். மேல்மூடியில நாலு ஸ்க்ரூ, கழட்டினால் டயஃப்ரம், காத்தழுத்தத்துக்கு அசையிற தகடு. அதின்ர ஊசி நடுவுக்கு நேரா இல்லாமல் ஒரு பக்கம் கூடக் கடைஞ்சிருக்கும், டயஃப்ரத்தைத் திருப்பி அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்தால் பூஸ்ற், அதாவது டர்போ தள்ளுற காத்தழுத்தம், ஏறேக்கை டீசல் கூடப் போகும். கீழ பல்லுச்சில்லு ஒண்டு இருக்கு, அதைச் சுத்தி ஸ்பிரிங்கின்ர இறுக்கத்தைக் குறைச்சால் கூடுற டீசல் கொஞ்சம் முந்தியே வரும். திறக்க முதல் டயஃப்ரம் நிண்ட இடத்தை மார்க் பண்ணுங்கோ, பிடிக்காட்டித் திருப்பி வைக்கலாம். காசே இல்லாத வேலை.

கராஜ்அண்ணை:
தம்பி, 111 குதிரை 96ஆம் ஆண்டு வந்தது. இப்ப அந்த எஞ்சினில எத்தினை நிக்குது எண்டு ஆர் பாத்தது? பவர் இல்லை எண்டு வாறவையில முக்கால்வாசிப் பேருக்கு உள்ளதே முழுசா வாறதில்லை. அக்ஸிலேற்றரை ஒராள் அடிமட்டும் மிதிக்கட்டும், நீங்கள் பொனற்றுக்குள்ள பம்ப்பில இருக்கிற லீவர் கடைசிவரை போகுதோ எண்டு பாருங்கோ, கேபிள் இழுபட்டு இளகியிருந்தால் அதிலயே கொஞ்சம் போயிடும். டர்போவில இருந்து காத்தைக் குளிராக்கிற இன்ரகூலருக்குப் போற ஹோஸ், எயார் ஃபில்ரர், டீசல் ஃபில்ரர், வால்வ் இடைவெளி 0.20 மி.மீ., பம்ப் ரைமிங், இன்ஜெக்டர். பூஸ்ற் பைப்பில ஒரு வெடிப்பு இருந்தால் நீ பம்ப்பை எவ்வளவு திருகினாலும் கறுத்தப் புகைதான் வரும். இதெல்லாம் பாக்காமல் மூடியைத் திறக்கிறது காய்ச்சல்காரனை ஓட்டப்போட்டியில விடுற வேலை.

பம்ப்தம்பி:
அண்ணை சொல்லுற சேர்விஸ் ஆரும் செய்யத்தானே வேணும், அதுக்கும் பவர் கூட்டுறதுக்கும் என்ன? சேர்விஸ் முடிஞ்சாலும் 111தான். கொம்பனியே டிஸ்கவரி ஓட்டோவுக்கு எலெக்ட்ரோனிக் பம்ப் போட்டு 120 சொச்சம் எடுத்தவன், எஞ்சின் வெடிச்சதோ? ஆர்380 எண்ட பேரே 380 நியூற்றன்மீற்றர் தாங்கும் எண்டுதான் வைச்சது. 265க்கும் 380க்கும் நடுவில எவ்வளவு இடம் கிடக்கு.

லண்டன்டீசல்:
நான் இங்க பழைய லாண்ட்ரோவர்காரரோட கனகாலமாத் திரியிறன், ரெண்டு பேரும் முக்கியமான ஒண்டை விட்டுட்டியள். பெற்றோல் எஞ்சினில எரிபொருள் குறைஞ்சால்தான் சூடு கூடும், அதை மனசில வைச்சுக்கொண்டு டீசலுக்கும் கதைக்கிறவை இருக்கினம். டீசலில நேரெதிர், காத்துக்கு மிஞ்சி டீசல் போனால்தான் புகைவாயு கொதிக்கும். ஏ9 மாதிரி நீட்டு றோட்டில லோட்டோட காலை எடுக்காமல் மிதிச்சால் அந்தச் சூடு இறங்க நேரமே இல்லை, பிஸ்ரனும் டர்போவும் அதுக்குள்ளதான் கிடக்கும். ஆகவே முதல் வேண்ட வேண்டியது புகைவாயுச் சூடு காட்டுற கேஜ். சென்சர் டர்போவுக்கு முன்னால, புகை வெளிய போற மானிஃபோல்டில ஓட்டை போட்டு வைக்கோணும், பின்னால வைச்சால் லோட்டில நூறு டிகிரிக்கு மேல குறைச்சுக் காட்டும், நீங்களும் சந்தோசமா எரிச்சுக்கொண்டு போவியள். தொடர்ந்து ஏறேக்கை 700 செல்சியஸ் தாண்டவிடாதேங்கோ. மற்றது பெரிய இன்ரகூலர், காத்து குளிர்ந்தால் அதே பூஸ்றில காத்து கூட அடையும், அதுக்குப் பிறகு கூட்டுற டீசல்தான் இழுவையா வரும். பூஸ்ற் ஸ்ரொக்கில கிட்டத்தட்ட 1 பார், பூஸ்ற்றை மட்டுப்படுத்திற வேஸ்ற்கேற்றின்ர தடியைக் கொஞ்சம் கட்டையாக்கிக் கூட்டலாம்தான், ஆனா பூஸ்ற் கேஜ் இல்லாமல் அதிலயும் கை வைக்காதேங்கோ.

வன்னிக்காட்டான்:
மணற்காட்டில வள்ளம் இழுக்கப் பவர் வேணுமெண்டு ஆர் சொன்னது? ரயர் காத்தை 18 பிஎஸ்ஐக்கு இறக்கு, மெதுவா ஆனா பலமா இழுக்கிற லோ ரேஞ்ச் கியரைப் போடு, முன் பின் அச்சு சேந்து இழுக்க டிஃப் லொக்கைப் போடு, முடிஞ்சுது. 3.32க்கு ஒண்டு எண்டு இருக்கிற லோவில 111 குதிரையே கூட. காத்து இறக்காமல் 45இல நிண்டு மிதிக்கிறவன்தான் அச்சுமட்டும் புதைஞ்சுபோட்டு பவர் காணாது எண்டுறான். திரும்பி றோட்டில ஏற முதல் காத்தடிக்க மறக்காதை.

கராஜ்அண்ணை:
அதுதான் கதை. மணலிலதான் எஞ்சின் கூடச் சூடாகும், வேகம் இல்லை, ரேடியேற்றருக்குக் காத்து இல்லை. அதோட இங்கத்தையான் பிரச்சினை ஒண்டு லண்டன் தம்பிக்கு மறந்திருக்கும், எங்கட கிணத்துத் தண்ணி. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாற தண்ணி, கேத்தில் அடியில வெள்ளைப்படை பிடிக்கிறதை வீட்டில பாக்கிறியள்தானே. அதே தண்ணியை வருசக்கணக்கா ரேடியேற்றருக்குள்ள ஊத்தினால் உள்ள என்ன நிலைமை? நான் கழட்டின சிலதில குழாயில பாதி அடைச்சுக் கிடந்தது. 300 ரிடிஐக்குத் தலை அலுமினியம், ஒருக்கா கொதிச்சால் வளைஞ்சுபோம். ரேடியேற்றர் மேலயும் தேமோஸ்ரற் மூடியிலயும் இருக்கிற பிளாஸ்ரிக் பிளக் பழசானால் வெடிச்சுத் தண்ணி போகும், தண்ணி முழுக்கப் போட்டுதெண்டால் கேஜ் சரியாக் காட்டாது, சென்சர் வெறுங்காத்தில நிக்கும். பித்தளைப் பிளக் வேண்டிப் போடு, கூலன்ற் கலந்து காய்ச்சி வடிச்ச தண்ணி ஊத்து. பம்ப் எல்லாம் பிறகு.

பம்ப்தம்பி:
இப்ப தண்ணியில போய் நிக்கிது கதை.

கராஜ்அண்ணை:
தண்ணியிலதான் எஞ்சினும் நிக்கிது தம்பி.

சித்தப்பா70:
பொருளாதாரத் தடைக் காலத்தில மண்ணெண்ணெயில கார் ஓட்டின ஊரடா இது, நீங்கள் நல்ல டீசலை வைச்சுக்கொண்டு அடிபடுறியள். சரி, ஒண்டு கேக்கிறன். வருசா வருசம் புகைப் பரிசோதனைக்குப் போகோணுமே லைசன்ஸ் எடுக்க, கறுப்பா அடிச்சால் பாஸ் பண்ணுமோ?

பம்ப்தம்பி:
அண்டைக்கு மட்டும் ஸ்க்ரூவை இறக்கிப்போட்டுப் பிறகு ஏத்திறதுதானே ஐயா, எல்லாரும் செய்யிறது 😄

லண்டன்டீசல்:
உந்த எல்லாரும் செய்யிறது எண்டுறதுதான் வினை. வடிவா ட்யூன் பண்ணின பம்ப் புகைக்காது. கியர் மாத்தேக்கை லேசா ஒரு மங்கல் வந்தால் சரி, கண்ணாடியில பின்னால வாற சைக்கிள்காரன் மறைஞ்சால் காசை எரிச்சுக் காத்தில விடுறாய் எண்டு அர்த்தம். கியர்பொக்ஸ் 380 தாங்கும் எண்டதையும் சொல்லிப்போடுறன், பொக்ஸ் தாங்கும், கிளச் தாங்கோணுமே? கூட்டினவைக்கு முதல் வழுக்கினது கிளச்தான். உந்தப் பழைய பொக்ஸில கிளச் ஃபோர்க்கை அது தாங்கி நிக்கிற உருண்டை குத்தித் துளைக்கிறதும் வழமை, கழட்டினால் அதையும் சேத்து மாத்துங்கோ.

கோப்பாய்110:
எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் கராஜ்அண்ணை சொன்னதுகளைப் பாத்தன். பம்ப் லீவர் முழுசாப் போகேல்ல, அரை விரலுக்குக் கிட்ட மிச்சம் நிக்குது. இன்ரகூலர் ஹோசைக் கையால தடவிப் பாத்தால் அடிப்பக்கம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, துடைச்சுப்போட்டு வளைச்சுப் பிடிச்சால் கிளிப்புக்குப் பக்கத்தில நீட்டுக்கு வெடிப்பு, மேல இருந்து பாத்தால் தெரியவே தெரியாது. கேபிளை இறுக்கி, வேற ஹோஸ் போட்டு கிளிநொச்சி மட்டும் லோட்டோட ஓடிப் பாத்தன், மூண்டாம் கியரில இப்ப ஒழுங்கா இழுக்குது, புகையும் குறைவு. ஆனாலும் நாலாம் கியரில இன்னும் கொஞ்சம் இருந்தால் நல்லம் எண்டுதான் மனம் சொல்லுது. சூட்டுக் கேஜ் ஒண்டு ஓடர் பண்ணியிருக்கிறன்.

பம்ப்தம்பி:
அப்பிடிச் சொல்லுங்கோ! கேஜ் வந்தவுடனை சொல்லுங்கோ, மூடி கழட்ட நானே வாறன். டயஃப்ரத்தைக் கால்வாசி மட்டும் திருப்பி ஓடிப் பாப்பம், சூடு ஏறினால் திருப்பி வைப்பம்.

கராஜ்அண்ணை:
ரேடியேற்றரைக் கழட்டிப் பாக்கிறதுக்கு முதல் அந்த மூடியைத் தொட்டியள் எண்டால் பிறகு தலை வளைஞ்சுபோட்டுது எண்டு என்னட்டை வரக்கூடாது.

கோப்பாய்110:
ரெண்டு பேரும் ஒரே நாளில வாங்கோவன் அண்ணை, சாப்பாடு என்ர பாடு.