புதுப்பிப்பு: மவுஸ் போனது, திரும்பி வரவில்லை (தீர்ந்தது)

போன வாரம் கேட்டிருந்தேன்: பேரியர் என்ற மென்பொருள் வழியாக டெஸ்க்டாப்பின் கீபோர்டையும் மவுஸையும் லேப்டாப்போடு பகிர்ந்தால், கர்சர் வலப்பக்கத் திரைக்குப் போகிறது, திரும்பி வர மறுக்கிறது என்று. தீர்ந்தது. தப்பு என்னுடையதுதான்.

பேரியரின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில், எந்தத் திரைக்குப் பக்கத்தில் எந்தத் திரை என்று சொல்லும் 'லிங்க்ஸ்' பகுதியின் ஒவ்வொரு வரியும் ஒருவழிப் பாதை. டெஸ்க்டாப்புக்கு வலப்பக்கம் லேப்டாப் என்று எழுதிவிட்டால், லேப்டாப்புக்கு இடப்பக்கம் டெஸ்க்டாப் என்று அதுவாகப் புரிந்துகொள்ளாது. அதையும் தனியாக எழுத வேண்டும். கோப்பை நான் கையால் எழுதியதால் விட்டுப்போனது. திரைகளை இழுத்து வைக்கும் ஜன்னலில் செய்திருந்தால் இரண்டு வரியும் தானாகவே விழுந்திருக்கும். ரொம்பத் தெரிந்தவன் மாதிரி நடந்துகொண்டதன் பலன்!

ஃபயர்வாலில் பேரியர் பயன்படுத்தும் 24800 போர்ட்டைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. அது திறந்துதான் இருந்தது. மூடியிருந்தால் கர்சர் அந்தப் பக்கம் போயே இருக்காது.

அப்புறம், ஓரத்தைத் தொட்டதுமே கர்சர் தாவுவது எரிச்சலாக இருந்தது. ஆப்ஷன்ஸில் 'ஸ்விட்ச் டிலே'யை 250 மில்லிவிநாடி என்று வைத்தேன், அதாவது கர்சர் ஓரத்தில் கால் விநாடி நின்றால்தான் தாவும். இப்போது ஸ்க்ரோல்பாரைப் பிடிக்கப் போய் அடுத்த திரையில் விழுவதில்லை.