விழுந்தது நானில்லை பெரியம்மா

குழு: மாரிக்குப்பம் வீடு
ஞாயிறு, காலை 10:52

பெரியம்மா: பாப்பா எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்?

பெரியம்மா: யாராவது பதில் போடுங்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை.

மணி அண்ணா: என்ன ஆச்சு?

பெரியம்மா: சைக்கிள் ரேஸில் விழுந்துவிட்டாளாம். தலையில் அடியாம். உன் சித்தப்பா போன் செய்தார்.

கே.ஜி.எஃப் சித்தப்பா: நான் தலை என்று சொல்லவே இல்லை அண்ணி. தோள் என்றேன்.

தீபா: ஐயோ, என் ஸ்டேட்டஸ் பார்த்தா? அதில் அக்கா ஆம்புலன்ஸ் பக்கத்தில் நிற்கிறாள், அவ்வளவுதான்.

மணி அண்ணா: அதைப் போடும் முன் யோசித்திருக்கலாம்

தீபா: அக்கா ரேஸ் ஓட்டுகிறாள் என்று பெருமையாகப் போட்டேன் அண்ணா

11:09

நான்: விழுந்தது நானில்லை பெரியம்மா. எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. நந்தி மலை அடிவாரத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறேன்.

அம்மா: 9 மணிக்கே என்னிடம் பேசினாள். குழுவில் போட மறந்துவிட்டேன்.

பெரியம்மா: உங்கள் வீட்டு விஷயம் எங்களுக்குக் கடைசியில்தான் தெரியும். பால் காய்ச்சியபோதும் இப்படித்தான்.

அம்மா: அக்கா, அதற்கு அப்போதே மன்னிப்புக் கேட்டாயிற்று

நான்: நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். 6:30க்கு ஸ்டார்ட். பெண்கள் பிரிவில் 14 பேர். தேவனஹள்ளி தாண்டி முதல் 20 கிலோமீட்டர் ஒரே கூட்டமாகத்தான் போனோம். எனக்கும் முன் சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. காற்றுக்காகத்தான் அவ்வளவு நெருக்கம். மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் நம் பலத்தில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடும். முன்னால் ஒருவர் காற்றை உடைத்துக்கொண்டு போனால், பின்னால் வருகிறவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். அதனால் முறை வைத்து மாறி மாறி முன்னால் போவோம். போட்டிதான், ஆனால் முன்னால் இருப்பவர் திடீரென்று பிரேக் பிடிக்க மாட்டார் என்று நம்பித்தான் எல்லோரும் ஓட்டுகிறோம்.

பெரியப்பா: ஹெல்மெட்?

மணி அண்ணா: விழுந்தது யார், அதைச் சொல்

நான்: அதற்குத்தான் வருகிறேன். ஓர் ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு வேகத்தடை. அந்தக் குலுக்கலில் ஒருவருடைய தண்ணீர் பாட்டில் துள்ளி ரோட்டில் விழுந்தது. நீல பாட்டில். மூடி கழன்று, சுற்றிச் சுற்றித் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே உருண்டது. எனக்கு முன்னால் போன பெண்ணின் முன்சக்கரம் அதன்மேல் ஏற, கையை ஊன்றியபடி விழுந்தாள். நான் பிரேக்கை இறுக்கிப் பிடிக்காமல் இடது பக்கம் மண்ணில் இறக்கினேன். இறுக்கியிருந்தால் நானும் அவள்மேல்தான்.

தீபா: 😮

அம்மா: இதை என்னிடம் சொல்லவில்லையே

நான்: கூட்டம் போய்விட்டது. நான் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெயர்கூடத் தெரியாது. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே தோலுக்கு அடியில் எலும்பு தூக்கிக்கொண்டு நின்றது. காறை எலும்பு. கையை ஊன்றி விழுந்தால் பலருக்கு முதலில் போவது அதுதான். ஹெல்மெட் பக்கவாட்டில் பிளந்திருந்தது, ஆனால் தெளிவாகப் பேசினாள். பெரியப்பா, ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. ஒரு தடவை அடி வாங்கினால் அதன் வேலை முடிந்தது, மாற்றியே ஆக வேண்டும். மணி அண்ணா, பைக்கோடு விழுந்தபோது போட்டிருந்த ஹெல்மெட்டைத்தானே நீங்கள் இன்னும் போடுகிறீர்கள்? தயவுசெய்து மாற்றுங்கள்.

பெரியம்மா: எப்போது விழுந்தான்?

மணி அண்ணா: அது பழைய கதை அம்மா

பெரியம்மா: எனக்கு இது புதுசு. வீட்டுக்கு வா, பேசுகிறேன்.

பெரியப்பா: அடுத்த ஞாயிறுக்குச் சமையல்காரர் பதில் கேட்கிறார். கலந்த சாதம் ஐந்தா ஏழா?

கே.ஜி.எஃப் சித்தப்பா: பிசிபேளாபாத் ஒன்று சேருங்கள். சம்பந்தி வீடு மைசூர் ஆயிற்றே.

பெரியம்மா: தீபா வளைகாப்புக்கு பிசிபேளாபாத்தா?

அம்மா: புளியோதரை போதும்

தீபா: அக்கா, அப்புறம்?

நான்: ரேஸைக் கவனிக்கும் மார்ஷல் வந்ததும் அந்தப் பெண்ணே "நீ போ, முடி" என்றாள். அதற்குள் நாலைந்து நிமிடம் ஓடிவிட்டது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நான் மட்டும், எதிர்க்காற்றில். கூட்டத்தோடு 35இல் போனவளால் தனியாக 27ஐத் தாண்ட முடியவில்லை. காற்று என்னவென்று அப்போது தொடைக்குத் தெரிந்தது. மலையில் கதை வேறு. வேகம் குறைந்துவிடுவதால் இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் போய்ப் பெரிய லாபமில்லை, அவரவர் காலை நம்பித்தான் ஏற வேண்டும். ஏழெட்டு கிலோமீட்டர், 40 வளைவு. கடைசி வளைவுகளில் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. மூக்கு நுனியிலிருந்து ஹேண்டில்பாரில் சொட்டும் வியர்வையை எண்ணிக்கொண்டே மிதித்தேன். கடலை மிட்டாய் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் தப்பித்தேன். உச்சிக்குள் நாலு பேரைப் பிடித்துவிட்டேன். 9ஆம் இடம்!

தீபா: 🔥🔥 அக்கா!

பெரியப்பா: பரிசு?

நான்: முடித்தவர்களுக்கு மெடல். அது போதும் பெரியப்பா. எனக்கு இன்று மனசு நிறைந்திருக்கிறது.

பெரியப்பா: அப்பாவும் வெல்லமும் கடலையும் துணியில் முடிந்துகொண்டுதான் ஷிப்டுக்குப் போவார். லைன் வீட்டிலிருந்து சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கம் வரை சைக்கிள், அப்புறம் பூமிக்குள் இறக்கம். 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் அந்தச் சுரங்கம்.

நான்: சித்தப்பா, தாத்தாவின் ராலே சைக்கிள் இன்னும் இருக்கிறதா?

பெரியப்பா: 2001இல் சுரங்கத்தை மூடியபோதே கேட்டேன். கிடைக்கவில்லை.

கே.ஜி.எஃப் சித்தப்பா: அண்ணா, நீங்கள் கேட்டது வீட்டை. சைக்கிளை யாரும் கேட்கவில்லை.

அம்மா: இங்கே வேண்டாமே

மணி அண்ணா: 🙏

11:48

நான்: பெரியம்மா, ஒன்று கேட்க வேண்டும். அடுத்த ஞாயிறு காலையில் டைம் ட்ரையல் இருக்கிறது. ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக விடுவார்கள், யார் பின்னாலும் ஒட்டிப் போகக் கூடாது, கடிகாரத்தோடு மட்டும்தான் போட்டி. கூட்டம் இல்லாததால் இன்றைக்கு மாதிரி விழும் பயம் குறைவு. 8:30க்குள் முடியும். 10:30க்கு அல்சூர் மண்டபத்தில் இருப்பேன்.

பெரியம்மா: 12 மணிக்கு எமகண்டம். அதற்குள் வளையல் அடுக்கி முடிக்க வேண்டும். அவளுக்கு அக்கா என்று நீ ஒருத்திதான்.

தீபா: வரட்டும் அம்மா. வேர்வையோடு வந்தாலும் எனக்குச் சரி.

பெரியம்மா: வேர்வையோடு வேண்டாம். குளித்துவிட்டுப் புடவையில் வரட்டும்.

நான்: அப்போ சரியா பெரியம்மா?

பெரியம்மா: பார்க்கலாம். உன் பெரியப்பாவைக் கேட்கிறேன்.

பெரியப்பா: என்னை ஏன் கேட்கிறாய்

அம்மா: எத்தனை வளையல் வாங்குவது? பச்சை மட்டும் போதுமா, சிவப்பும் வேண்டுமா?

கே.ஜி.எஃப் சித்தப்பா: பாப்பா, இப்போது பின்கட்டில் போய்ப் பார்த்தேன். ராலே இருக்கிறது. செயின் துரு. டயர் இரண்டும் போய்விட்டது. பெல் அடிக்கிறது.

நான்: சித்தப்பா!! வரும்போது மாரிக்குப்பம் ரயிலில் ஏற்றிக்கொண்டு வர முடியுமா? கண்டோன்மெண்டில் நான் வந்து இறக்கிக்கொள்கிறேன்.

கே.ஜி.எஃப் சித்தப்பா: ஸ்டேஷனில் கேட்க வேண்டும். சீட் உயரம் உனக்குச் சரிப்படாதே. அப்பா 5 அடி 4 அங்குலம்.

நான்: நானும் அதே 5 அடி 4 தான் சித்தப்பா.

பெரியப்பா: டயரை மாற்றி எடுத்து வாடா. செலவு நான் தருகிறேன்.

பெரியம்மா: வாழை இலை எத்தனை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.