'மிகையெண்' வேண்டாம், 'விஞ்செண்' எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். 'மிகையெண்' (abundant number) என்ற கலைச்சொல்லை மாற்றலாம் என்கிறேன். அதற்கு நண்பர் ஒருவரின் கேள்வி:

> தன்னை விட்டுவிட்டு மற்ற காரணிகளைக் கூட்டினால் தன்னைத் தாண்டிவிடும் எண் மிகையெண். தன்னை எட்டாவிட்டால் குறைவெண். இதில் என்ன சிக்கல்?

சிக்கல் பள்ளிப் பாடநூலில் இருக்கிறது ஐயா. அங்கே பூச்சியத்துக்கு மேலே இருப்பது மிகை எண், கீழே இருப்பது குறை எண். ஒரு கட்டுரைக்காக 5,39,14,11,025 என்ற எண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்து, முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். "இது ஒரு மிகையெண்" என்றால், "ஆமாம், கழித்தல் குறி இல்லையே, அதுதான் தெரிகிறதே" என்பார் படிப்பவர்.

அந்த எண்ணோ லேசுப்பட்டதல்ல. 5 இருமுறை, பிறகு 7, 11, 13, 17, 19, 23, 29 தலா ஒருமுறை, பெருக்கினால் வந்துவிடும். மற்றக் காரணிகளின் கூட்டுத்தொகை 5,40,78,97,775. எண்ணைவிட 1,64,86,750 கூடுதல். எந்தத் தடையும் இல்லையென்றால் 12-லேயே இந்தக் குணம் தொடங்கிவிடுகிறது (1+2+3+4+6 = 16). இரட்டைப்படை கூடாது என்றால் 945 வரை போகவேண்டும். 3-ஆலும் வகுபடக்கூடாது என்றால் ஒரே தாவலாக 539 கோடி! அதற்குள் ஒன்றுகூட இல்லை.

என் முன்மொழிவு: விஞ்சு + எண் = விஞ்செண். காரணிகள் எண்ணை விஞ்சுகின்றன, அவ்வளவுதான். எதிர்ச்சொல் குன்றெண். கூட்டுத்தொகை தனக்கே சமமாக வரும் நிறைவெண் அப்படியே இருக்கட்டும்.

> குன்றெண்ணுக்குப் பதில் 'எஞ்செண்' என்றால் எதுகையும் அமையுமே?

எதுகை நன்றாகத்தான் இருக்கிறது, பொருள்தான் இடறுகிறது. எஞ்சுவது என்றதும் வகுத்தலின் மீதிதான் நினைவுக்கு வரும். குன்று மலையையும் குறிக்குமே என்பீர்கள். 'குன்றாத ஆர்வம்' என்று எழுதும்போது யாருக்கும் மலை தெரிவதில்லை.

கிளைச்சொற்களும் எளிதில் வருகின்றன. கூடுதல் அளவு விஞ்சல், பற்றாக்குறை குன்றல். 8-க்கு 1+2+4 = 7, ஆகவே குன்றல் 1; 2-இன் அடுக்குகள் எல்லாவற்றுக்கும் அதே 1. விஞ்செண்ணின் மடங்குகள் எல்லாம் விஞ்செண்களே என்பதால், தனக்குள் இன்னொரு விஞ்செண் ஒளிந்திராததை 'மூல விஞ்செண்' எனலாம். மேலே சொன்ன பத்திலக்க எண் அப்படிப்பட்டது: 2-உம் 3-உம் தவிர்த்தவற்றில் அதுவே மிகச் சிறியது, அதன் காரணி எதுவும் விஞ்செண்ணாக வழியில்லை.

இந்த வாக்கியத்தை இரண்டு விதமாகவும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள் (ஒன்றின் மற்றக் காரணிகளைக் கூட்டினால் இன்னொன்று வரும் இணையே நட்பெண்கள்). "220, 284 இரண்டும் நட்பெண்கள், முன்னது மிகையெண், பின்னது குறைவெண்." 284 எப்போது பூச்சியத்துக்குக் கீழே போனது என்று மாணவர் கேட்பார். "முன்னது விஞ்செண், பின்னது குன்றெண்" என்றால் கேட்கமாட்டார்.