விவாகரத்து முடிந்தது, கடன் முடியவில்லை: எப்படி அடைத்தீர்கள்?

நூல்கண்டு (ஈரோடு):
எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அவர் கடைக்கு என் பெயரில் கிரெடிட் கார்டு. தீர்ப்பு வந்து 2 வருஷம் மினிமம் மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஸ்டேட்மென்ட்டைப் பேனாவோடு பார்த்தேன். பாக்கி 1,80,000. மாசம் மூன்றரை வட்டி, அது 6,300. வட்டிக்கு மேல் ஜிஎஸ்டி 1,134. நான் கட்டிய 9,000-இல் அசலுக்குப் போனது 1,566.

மறுநாளே தாலிக்கொடியை விற்கப் போனேன். 2022, 5 பவுன். உரசிப் பார்த்த பெரியவர் குண்டுகளை விரலில் உருட்டி, "உள்ளே அரக்கு இருக்கும்மா, உடைச்சுத்தான் எடை போடணும். உடைக்கட்டுமா?" என்றார். பக்கத்தில் கம்மல் பார்த்துக்கொண்டிருந்த பெண் திரும்பினாள். உடைங்க என்றேன். சின்ன சத்தம்தான். சிவப்பாகப் பொடி உதிர்ந்தது. அவர் அதையும் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார், ஏன் என்று தெரியவில்லை. கழிவு போக 1,76,000. மீதி சேமிப்பிலிருந்து போட்டு கார்டை மூடினேன். பொட்டலம் இன்னும் பீரோவில் இருக்கிறது.

வாடகைவீடு (சென்னை):
எனக்கு ஹவுசிங் லோன். ரெண்டு பேரும் கோ-அப்ளிகன்ட். அவங்க பாதியை அவங்க கட்டணும் என்று மனுவிலேயே எழுதி, தீர்ப்பிலும் வந்தது. 3 மாசம் அவங்க கட்டவில்லை, பேங்க் என்னைப் பிடித்தது. தீர்ப்பு நகலை நீட்டினேன். மேனேஜர் தொடக்கூட இல்லை. "இது உங்க ரெண்டு பேருக்கு நடுவுல சார். எங்களுக்கு முழுக் கடனுக்கும் ரெண்டு பேருமே பொறுப்பு."

ஃப்ளாட்டை விற்றுத்தான் அடைத்தோம். ஏறி இறங்கும் ஃப்ளோட்டிங் வட்டி, அதனால் முன்கூட்டி அடைக்க அபராதம் இல்லை. மறக்க முடியாதது பத்திரம் எழுதுபவர் கேட்டதுதான்: "மேடம் பேருக்குப் பக்கத்துல க/பெ போடவா, த/பெ போடவா?" ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம், சிரிப்பு வந்துவிட்டது. சேர்ந்து சிரித்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும்!

கணக்கர்:
முதலில் எழுதிய அக்காவுக்கு: அவசரப்பட்டுவிட்டீர்கள். இப்போது பவுன் விலை அன்றைக்கு இருந்ததைப் போல ரெண்டு மடங்குக்கு மேல். அடகு வைத்திருந்தால் மதிப்பில் முக்கால்வாசி கைக்கு வந்திருக்கும், வட்டியும் கார்டு வட்டியில் பாதிகூட வராது. நான் சீட்டு எடுத்து அடைத்தேன், அவ்வளவுதான்.

மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பணத்துக்கு செட்டில்மென்ட் என்று பேங்கில் பேசினால் உடனே தலையாட்டாதீர்கள். நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபிலில் "குளோஸ்டு" என்று விழாது, "செட்டில்டு" என்று விழும். அடுத்த லோனுக்குப் போகும்போது அந்த ஒரு வார்த்தை உதைக்கும். செட்டில் பண்ணியே ஆகணும் என்றால் லெட்டர் கைக்கு வந்த பிறகு பணம் கட்டுங்கள், போன் பேச்சை நம்பாதீர்கள். பாக்கி இல்லை என்று பேங்க் தரும் என்ஓசி கடிதம் வாங்காமல் வராதீர்கள். சிபில் ரிப்போர்ட் வருஷத்துக்கு ஒன்று இலவசம். வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. வீட்டுக் கடன் தீர்ந்தால் 30 நாளில் மூலப் பத்திரம் திரும்ப வரணும், தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் தரணும்.

வாடகைவீடு:
சார், இவ்வளவு சொன்னீங்க, சீட்டை எவ்வளவு தள்ளி எடுத்தீங்க என்று சொல்லவில்லையே?

கணக்கர்:
5 லட்சம் சீட்டு. 1,50,000 தள்ளி. அன்றைக்கு வேறு வழி இல்லை.

நூல்கண்டு:
கணக்கர் சார், உங்க கணக்கு சரிதான். ஆனால் அடகு வைத்தால் மீட்கணும். எனக்கு அது திரும்பி வர வேண்டாம். அந்த அரக்குப் பொடியை என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.