ஹொக்குசாய் மாங்கா மூன்றாம் தொகுதி: எந்தக் காலத்து அச்சு?

வணக்கம் நண்பர்களே. டோக்கியோ ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைத்தெருவில் போன வாரம் ஹொக்குசாய் மாங்காவின் (ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் படங்களை மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட புத்தக வரிசை) மூன்றாம் தொகுதி கிடைத்தது. குருவி நடனம் ஆடுபவர்கள் இருக்கும் தொகுதி. அந்தப் பக்கத்துக்காகவே வாங்கினேன், இன்னும் கண்ணை எடுக்க முடியவில்லை.

எந்தக் காலத்து அச்சு என்பதுதான் குழப்பம். முதல் தொகுதி 1814இல் வந்தது, பதினைந்தாவது 1878இல். ஹொக்குசாய் இறந்ததோ 1849இல். பழைய மரப்பலகைகளை வைத்தே பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சடித்திருக்கிறார்கள். என் பிரதியில் விரல், விசிறி மடிப்புக் கோடுகள் சில இடங்களில் அறுந்து நிற்கின்றன. பலகை தேய்ந்த பிறகு அச்சிட்டதாக இருக்கலாம். சாம்பல் நிறம் நன்றாக இருக்கிறது, இளஞ்சிவப்பு மட்டும் திட்டுத்திட்டாக. கடைசிப் பக்கத்தில் பதிப்பாளர்கள் பெயர் வரிசையாக உள்ளது, ஆண்டு இல்லை.

பதிப்பாளர் பட்டியலை வைத்துக் காலம் கணிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? படம் அனுப்புகிறேன்.

இன்னொன்று: தையல் ஓரமாகப் பூச்சி அரித்த துளைகள். மடித்துத் தைத்த தாள் என்பதால் உள்ளே கைவைக்கவே பயமாக இருக்கிறது. ஒட்டுப்போடலாமா, அப்படியே விடலாமா? இங்கே மழைக்காலம் வேறு நெருங்குகிறது. ஈரத்திலிருந்து காப்பாற்ற நீங்கள் என்ன செய்கிறீர்கள், தயவுசெய்து சொல்லுங்கள்.